பலகைக்கு அடியில் இருந்த உறவுக்காரர்

கெரெங் என் மாமன் மகன். எங்கள் பக்கம் மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். கோபித்துக்கொள்ளத்தான் உரிமை கிடையாது. ஐம்பது வயதை நெருங்கியும் நாங்கள் இருவரும் இதில் குறை வைத்ததில்லை. ஆனால் போன ஜூன் மாதம் அவன் ஊரான டிகோரோவுக்கு வண்டியைக் கிளப்பியபோது எனக்கு அவனைக் கேலி செய்யும் மனநிலையே இல்லை. என் பையில் ஒரு கோப்பு இருந்தது. அதில் கெரெங்கின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'கற்பனை' என்று எழுதியிருந்தது.

மவுன் நகரத்தில் உள்ள ஆற்று ஆராய்ச்சி நிலையத்தில் நான் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் கட்டுரை எழுதுவார்கள், நான் சேற்றில் இறங்கிக் கருவிகளைக் கழுவுவேன். ஓகவாங்கோ ஆற்றில் எங்களுக்குப் பதினான்கு அளவுப்பலகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்து ஊரில் ஒரு ஆள். காலை ஏழு மணிக்குப் போய், தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து, நோட்டில் எழுதி, போனில் எங்களுக்கு அனுப்ப வேண்டும். டிகோரோ பலகைக்குக் கெரெங். அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். பதினோரு வருடத்தில் அவன் தவறவிட்டது நான்கே நாள். அது என் மாமாவை அடக்கம் செய்த வாரம்.

ஏப்ரலில் இருந்து அவன் அனுப்பும் எண் ஏறிக்கொண்டே போனது. அதே நாட்களில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில், டிகோரோவுக்குக் கீழே தண்ணீரின் பரப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. எங்கள் தலைவர் டாக்டர் செட்லாரே என்னை உட்காரவைத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"சேதுன்யாம்மா, ஜூன்ல வெள்ளம் வரும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். உங்க ஆளு வீட்டுல உக்காந்துக்கிட்டு தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி எழுதுறாரு, அவ்வளவுதான்."

"அவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல, டாக்டர்."

"அப்படின்னா பொய் சொல்றது சாட்டிலைட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆளுக்கு மேலே சுற்றுவது எல்லாம் சத்தியம், கீழே நடப்பது எல்லாம் சந்தேகம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. கடைசியாக ஒன்று சொன்னார். "நேர்ல போய்ப் பாருங்க. பலகையில இருக்கிற எண்ணும் அவர் எழுதுற எண்ணும் ஒண்ணா இருந்தா நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன். இல்லைன்னா நோட்டை வாங்கிட்டு வந்திருங்க. அப்புறம் அந்தப் பதினோரு வருஷத்தையும் நாம நம்ப முடியாது, தள்ளித்தான் ஆகணும்."

பதினோரு வருடம் என்றால் ஏறக்குறைய நாலாயிரம் காலைகள். அத்தனையும் குப்பைக்குப் போகும். அதைவிட, கெரெங்கின் முகத்தைப் பார்த்து 'நீ பொய்யன்' என்று சொல்லப்போவது நான்.

ஒரு பகல் முழுக்க மணலில் வண்டி ஓட்டி டிகோரோ போய்ச் சேர்ந்தேன். கெரெங்கின் மனைவியை ஊரே மகள் பெயரைச் சொல்லி லரோனாவின் அம்மா என்றுதான் கூப்பிடும். அல்லிக்கிழங்கை இறைச்சியோடு போட்டு வேகவைத்து, ஒரு கிண்ணம் நிறைய என் முன்னால் வைத்தாள். கெரெங் எதிரே உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன அத்தை மகளே, டவுனுல சோறு போடுறதில்லையா? மான் குலத்துக்காரி, அங்க மேய்றதுக்குப் புல்லு கெடைக்கலையோ?"

"பலகையைப் பாக்கணும்," என்றேன்.

"வந்ததும் வராததுமா பலகையா? அது எங்க ஓடிப்போகுது? காலையில பாத்துக்கலாம்." அவன் குரலில் ஒரு அவசரம் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் ஆறரை மணிக்கு நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஜூன் மாதக் குளிருக்குக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போய்விட்டான். ஏழே காலுக்குத் திரும்பி வந்தான். கரையான் புற்றின் உச்சியில் ஏறினால்தான் எங்கள் டிகோரோவில் போன் எடுக்கும். அங்கே ஏறி எண்ணை அனுப்பிவிட்டு இறங்கி வந்து தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தான்.

"எவ்வளவு?"

"நூத்தி அறுபத்தி ரெண்டு."

"பலகைக்குப் போனியா?"

தேநீரை ஊதினான். "வாசிச்சேன்."

"நான் கேட்டது அது இல்ல. பலகைக்குப் போனியா?"

நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தான். ஆற்றங்கரையில் பெரிய அத்திமரம் ஒன்று உண்டு, அங்கிருந்து பலகை நாற்பது தப்படி. அத்திமரத்தடியில் அவன் கால் நின்றுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் துப்பினான்.

"நீ போ. நான் இங்கயே நிக்கிறேன்."

கரை மேட்டில் ஏறிப் பார்த்தேன். பலகைக்கு ஐந்தடி தள்ளி, மணலில், வாயைப் பிளந்துகொண்டு ஒரு முதலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் நிலையத்துப் படகு அதற்குப் பக்கத்தில் நின்றால் படகுதான் சின்னதாகத் தெரியும். நான் முதலைக் குலம் இல்லைதான், அதற்காக என் கால் எனக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. மேட்டிலேயே நின்று தொலைநோக்கியை எடுத்துப் பலகையைப் பார்த்தேன்.

நூற்று இருபத்து நான்கு.

மறுபடியும் பார்த்தேன். லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நூற்று இருபத்து நான்குதான். அவன் அனுப்பியது நூற்று அறுபத்து இரண்டு. இறங்கி வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"முப்பத்தெட்டு சென்டிமீட்டர்! முப்பத்தெட்டு! ஒரு கோடு ரெண்டு கோடு இல்ல. எனக்கு ஏன்டா இந்தத் தலைக்குனிவு? உன்ன நம்பித்தானே அந்த ஆளுகிட்ட வாதாடிட்டு வந்தேன்? நம்ம மாமன் மகன், பொய் சொல்ல மாட்டான்னு!"

"பொய் சொல்லல."

"அப்ப அந்த எண்ணு எங்கருந்து வந்துச்சு? கனவுலயா?"

"என் கம்புலருந்து," என்றான்.

கொஞ்சம் கொஞ்சமாக வாயிலிருந்து வந்தது. மார்ச் கடைசியில் மீன்காரர்கள் பலகைக்குப் பக்கத்தில் முகாம் போட்டுக் கெளுத்தி அறுத்தார்கள். குடலை எல்லாம் அங்கேயே வீசினார்கள். முதலை வந்தது, இடம் பிடித்துப்போய்த் தங்கிவிட்டது. கெரெங் அப்பா வழியில் முதலைக் குலம். அதைத் தொடக் கூடாது, கொல்லக் கூடாது, கிட்டே போகக் கூடாது. உற்றுப் பார்த்தால் கண் சிவந்து வீங்கிவிடும் என்பார்கள். என் அம்மாவும் அந்தக் குலத்தில் பிறந்தவள்தான். பள்ளிப் புத்தகத்தில் முதலைப் படம் வந்தால் பக்கத்தை ஒட்டிவைத்துவிடுவாள்.

"சரி, கிட்டப் போக முடியல. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? வனவிலங்கு ஆபீசுக்குச் சொல்லுவீங்க. அவங்க துப்பாக்கியோட வருவாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி அக்கரையில அப்படித்தான் ஆச்சு. என் சம்பளத்துக்காக அதைச் சுட்டாங்கன்னா, நான் எங்க அப்பா குழிகிட்ட போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதன் காற்று கொஞ்சம் இறங்கிவிட்டது. "அந்தக் கம்பைக் காட்டு," என்றேன்.

ஆற்றின் மேல்பக்கமாக முக்கால் கிலோமீட்டர் போனோம். ஆறு வளைகிற இடத்தைத் தாண்டி, கரையோரம் ஆழமாக ஒரு கம்பு நட்டிருந்தது. கெட்டியான மரம். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு சுட்டிருந்தான். பத்துக்கு ஒரு நீளக்கோடு, ஐம்பதுக்கு ஒரு வளையம். எங்கள் நிலையத்தில் காசு கொடுத்துச் செய்யும் பலகைகூட இத்தனை நேர்த்தி கிடையாது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. தண்ணீர் நூற்று அறுபத்து இரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நட்ட அன்னிக்கு எப்படிச் சரி பண்ணின?"

"லரோனா அம்மாவைப் பலகை பக்கத்து மேட்டுல நிக்கவச்சேன். அவ மேட்டுலருந்து பாத்து எண்ணைச் சொன்னா. லரோனா அதை ஓடி வந்து எங்கிட்ட சொன்னா. ரெண்டும் ஒரே எண்ணு காட்டுற மாதிரி நட்டேன். மூணு நாள் அப்படியே சரி பாத்தேன். ஒரு கோடு பிசகல."

நோட்டைப் புரட்டினேன். மார்ச் இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. மூன்று நாளும் இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றுபோலவே இருந்தன. அதற்குப் பிறகு கம்பு மட்டும்தான். எங்கள் படிவத்தில் இடம் மாறியதை எழுதக் கட்டம் கிடையாது, இருந்திருந்தாலும் இவன் எழுதியிருக்க மாட்டான்.

நான் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மார்ச் கடைசியில் இரண்டு இடத்திலும் ஒரே எண். இப்போது முப்பத்தெட்டு வித்தியாசம். எங்கள் ஆறு தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி சமதளமாகப் பரவுகிற ஆறு. முக்கால் கிலோமீட்டருக்குள் இத்தனை வித்தியாசம் வரவே வராது. நடுவில் ஏதாவது பிடித்து நிறுத்தினால் ஒழிய.

"மாமன் மகனே, அந்த வளைவுக்கு எப்பப் போன?"

"நான் எங்க போனேன்? அது வந்ததுலருந்து தண்ணியில எறங்கல, கரையோடதான் நடக்கிறேன், அங்கருந்து பாத்தா நாணல் மறைச்சுக்கும். கோரை அடைச்சிருக்குன்னு மீன்காரங்க சொன்னாங்க. அதான் எடத்தைக் காலி பண்ணிட்டுப் போனாங்க. கோரை அடைக்கும், தெறக்கும். இது என்ன புதுசா?"

"போய் மொகோரோவை எடுத்துட்டு வா."

கம்பு இருந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி அவன் அந்த மரத்தோணியைக் கழியால் தள்ள, நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். வளைவில் திரும்பியதும் வழி இல்லை. ஆளுயரக் கோரை, வேரும் மண்ணுமாகப் பெரிய மெத்தையாகப் பெயர்ந்து வந்து, இரு கரைக்கும் நடுவே செருகிக்கொண்டிருந்தது. அதன் மேல் புல் முளைத்து, ஒரு கொக்கு கூடு கட்டத் தோது பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் முன்னால் போக முடியாமல், இடது பக்க நாணலுக்குள் சலசலவென்று நுழைந்து போனது. கெரெங் கழியை நாணலுக்குள் விட்டுப் பார்த்தான். அவன் கை முழங்கை வரை நனைந்தது.

"ஏ அத்தை மகளே, ஜூன் மாசத்துலகூட இந்த எடம் காஞ்சு கெடக்குமே! நான் இங்க மாடு ஓட்டியிருக்கேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. இவன் எண் சரி, சாட்டிலைட்டும் சரி. அடைப்புக்கு மேலே தண்ணீர் ஏறுகிறது, கீழே வடிகிறது. மேலே ஏறியது எல்லாம் பச்சை நாணலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து படம் எடுத்தால் பச்சைதான் தெரியும்.

கரையான் புற்றில் ஏற எனக்கு மூன்று முயற்சி ஆனது. கீழே நின்று கெரெங் என் பின்பக்கத்தைப் பற்றிச் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. டாக்டர் செட்லாரேயிடம் முழுவதையும் சொன்னேன்.

"ரேடார் படத்தை எடுத்துப் பாக்குறேன்," என்றார். "நாணலுக்கு அடியில தண்ணி நின்னா அதுல வெள்ளையாத் தெரியும். நான் அதைப் பாக்கவே இல்ல. இறங்கிடாதீங்க."

இருபது நிமிடம் நான் புற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். லரோனாவின் அம்மா தேநீர்க் கோப்பையை ஒரு கழியின் நுனியில் கட்டி மேலே நீட்டினாள். போன் அடித்தது.

"வெள்ளையோ வெள்ளை!" டாக்டரின் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "மேல்பக்கம் நாலு கிலோமீட்டருக்கு! சேதுன்யாம்மா, ஒரு வாய்க்கால் இப்படி அடைச்சுச் செத்துப்போறதை, எல்லாரும் அது செத்தப்புறம்தான் போய்ப் பாத்திருக்கோம். அடைப்புக்கு மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவுன்னு ஆரம்பத்துலருந்து யார்கிட்டயும் இல்ல. அந்த மனுஷன்கிட்ட தெனத்துக்கு ஒரு எண்ணு இருக்கு. கீழதான் படங்கள் இருக்கே! இத்தனை வருஷமா இதைத்தானே தேடினோம்!" பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "சரி, எடத்தை ஏன் மாத்தினாரு? காரணம்னு ஒண்ணு கோப்புல எழுதணுமே?"

நான் கீழே பார்த்தேன். கெரெங் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்து நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை. அவன் பயந்தது வேலையை நினைத்து அல்ல என்று எனக்குத் தெரியும்.

"பலகைக்கு அடியில அவரோட உறவுக்காரர் ஒருத்தர் குடியிருக்கார், டாக்டர். மரியாதைக்காகத் தள்ளி நட்டிருக்காரு."

"உறவுக்காரரா? ஆத்துக்குள்ளயா?"

"அவங்க அப்பா வழியில."

நான் காத்திருந்தேன். டாக்டர் வெளிநாட்டில் படித்தவர்தான், ஆனால் பிறந்தது நம்ம ஊரில். மெதுவாகக் கேட்டார். "உறவுக்காரர் எத்தனை அடி இருப்பாரு?"

"பதினாலு, பதினஞ்சு."

"பெரிய மனுஷன்," என்றார். "அப்படியே இருக்கட்டும். வனவிலங்கு ஆபீசுல யாருக்கும் சொல்ல வேண்டாம். பலகையைச் சுத்தி யாரும் குளிக்காம, தண்ணி எடுக்காம மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க. போனை அவர்கிட்ட குடுங்க."

கெரெங் ஒரே தாவில் புற்றில் ஏறினான், எனக்கு எரிச்சலாக இருந்தது. டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டது. இடம் மாற்றியதைச் சொல்லாமல் விட்டது தப்பு, அது கோப்பில் இருக்கும். 'கற்பனை' என்று எழுதியது தன்னுடைய தப்பு, அதை இப்போதே அடித்துவிட்டதாகச் சொல்லி, மன்னித்துவிடுங்கள் அய்யா என்றார். கெரெங் "சரிங்க, சரிங்க" என்று நான்கு தடவை சொன்னான். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் கண் கலங்கியது. அழுமூஞ்சி என்று அவனைச் சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்; முதலும் கடைசியுமாக அந்த ஒரு கேலியை விட்டுக்கொடுத்தேன்.

கோரையை வெட்டுவதா விடுவதா என்பதை அடுத்த வாரம் ஊர்க்கூட்டம் பேசி முடிவு செய்யும். அதுவரை, அதற்குப் பிறகும், இரண்டு இடத்திலும் வாசிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்புக்குக் கெரெங். பலகைக்கு முதலைக் குலம் இல்லாத ஆள் வேண்டும். லரோனாவின் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "எங்க பொறந்த வீடு கொரங்குக் குலம். அது பாட்டுக்குத் தூங்கட்டும், நான் மேட்டுல நின்னு பாத்துட்டு வந்துர்றேன். சம்பளம் மட்டும் அவருக்குக் குடுக்குற அதே சம்பளம் எனக்கும் வேணும்." அதற்கும் டாக்டர் சரி என்றார்.

நான் கிளம்ப வேண்டிய நாள். காலை ஏழு மணிக்கு லரோனாவின் அம்மா கரை மேட்டில் நின்றாள். கெரெங் அத்திமரத்துக்குப் பின்னால், ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நோட்டை விரித்து வைத்திருந்தான். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். பனிக்காற்றில் என் பற்கள் தந்தியடித்தன.

"நூத்தி இருபத்தி ரெண்டு!" என்று கத்தினாள்.

கெரெங்கின் பேனா இறங்கவில்லை. "நேத்து நூத்தி இருபத்தி நாலு! ஒரே நாள்ல ரெண்டு கொறையுமா?"

"கொறைஞ்சிருக்கு!"

"அலை மேல வர்றப்பப் பாத்தியா, கீழ போறப்பப் பாத்தியா?"

"ரெண்டையும் பாத்து நடுவுல எடுத்தேன்!"

"நல்லாக் குனிஞ்சு பாத்தியா? நெசமாத்தான் சொல்றியா?"

நான் திரும்பிப் பார்த்தேன். லரோனாவின் அம்மா இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அத்திமரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் என்ன வீட்டுல உக்காந்துக்கிட்டா சொல்றேன்?"

கெரெங் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் நோட்டை முழங்காலில் அழுத்திவைத்து 122 என்று எழுதினான். வாசித்தவர் என்ற கட்டத்தில் பதினோரு வருடமாகத் தன் பெயரையே எழுதி வந்தவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, ஊரில் யாரும் சொல்லாத அவளுடைய சொந்தப் பெயரை, டிமகட்சோ என்று முழுதாக எழுதினான்.